வெத்திலை போடுற அப்பாவின் ஆறாத வாய்ப்புண்

களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு: அப்பாட இடது கன்னத்துக்குள்ள ஒரு மாசமா ஆறாத புண், நோவே இல்ல, கடையில களிம்பு வாங்கிப் பூசலாமா எண்டு கேட்டிருந்தீங்க. பூசிப் பூசி நாளைக் கடத்தாதீங்க. மூணு கிழமைக்கு மேல ஆறாத புண்ணை, நோகாட்டியும், காட்டத்தான் வேணும். வாய்ப்புற்று தொடக்கத்தில பெரும்பாலும் நோகாது.

அவர் வெத்திலையை எந்தப் பக்கம் அடக்கி வைக்கிறவர்? அடக்குற கன்னத்திலதான் புற்று கூடுதலா வாறது. இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில வாய்ப்புற்று முன்னணியில நிக்கிறதுக்கு இந்தப் பழக்கம் முக்கிய காரணம். "புகையிலையை விட்டுட்டன், வெறும் பாக்குத்தான்" எண்டுறது சாட்டு; பாக்கே புற்றை உண்டாக்கும் எண்டு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இலேயே சொல்லிட்டுது.

டோர்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் படை, செம்படை இருக்கா? மூணு விரலை ஒண்டுக்கு மேல ஒண்டா வச்சா வாய்க்குள்ள போகாம இருக்கா? கழுத்தில கட்டி தட்டுப்படுதா? ஒண்டும் இல்லாட்டியும் போகத்தான் வேணும்.

முதல்ல ஆதார வைத்தியசாலைப் பல் டொக்டரிட்ட காட்டுங்க, காசு கேக்கமாட்டாங்க. தேவையெண்டா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவாங்க. சின்னத் துண்டு வெட்டிச் சோதிப்பாங்க. கத்தி பட்டாப் பரவும் எண்டு அயலுக்க சொல்லுவாங்க, அது வெறும் கதை. அப்பா மாட்டன் எண்டா, பல்லுக் காட்டப் போறம் எண்டு கூட்டிப் போங்க. பொய்யுமில்லையே.