1,500 ரூபாய்க்கு 'மெமரி டியூனிங்' செய்யலாமா?

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஐந்து வயது. 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. குரோமையும் டேலியையும் சேர்த்துத் திறந்தால் திணறுகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து விர்ச்சுவல் மெமரியை 16,000 எம்பி ஆக்கினேன். விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் 'மேக்ஸிமம் மெமரி'யை டிக் செய்து 4096 என்று கொடுத்தேன். இப்போது முன்பைவிட மோசம். கடையில் 1,500 ரூபாய்க்கு மெமரி டியூனிங் செய்து தருகிறோம், இல்லாவிட்டால் இன்னொரு 8 ஜிபி ராம் போடுங்கள் என்கிறார்கள். எதற்குப் பணம் கொடுப்பது?

பதில்: இப்போதைக்கு எதற்கும் கொடுக்காதீர்கள். முதலில் அந்த டிக்கை எடுங்கள்.

'மேக்ஸிமம் மெமரி' என்ற பெயரைப் பார்த்தால் ராமை முழுசாகப் பயன்படுத்தச் சொல்வது போலத்தான் தோன்றும். ஆனால் அது விண்டோஸுக்குப் போடும் வரம்பு. சோதனைக்காக வைத்திருக்கிற வசதி. நீங்கள் 4096 கொடுத்ததால் 8 ஜிபியில் பாதி சும்மா கிடக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் 4 ஜிபியை ஒட்டி ஒரு எண் நிற்கும். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் அது நன்றாக இறங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் புது ராம் வாங்கிப் போட்டிருந்தால் அதையும் விண்டோஸ் தொட்டிருக்காது.

அடுத்தது விர்ச்சுவல் மெமரி, அதாவது ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம். ராம் என்பது சமையல் மேடை என்றால் இது பரண். மேடையில் இடம் போதாதபோது சாமானைப் பரணில் ஏற்றுகிறோம். பரணைப் பெரிதாக்கினால் மேடை அகலமாகிவிடுமா? அதுவும் உங்களுடையது ஹார்டு டிஸ்க். அதிலிருந்து ஒன்றை எடுக்க ஆகும் நேரம், ராமில் எடுப்பதைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு என்று போய், விர்ச்சுவல் மெமரியை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி மேலே உள்ள டிக்கைப் போட்டுவிடுங்கள். சி டிரைவிலும் இடம் மிச்சமாகும். சிலர் அதை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள். செய்யாதீர்கள், இடம் தீர்ந்ததும் புரோகிராம்கள் பாதி வேலையில் மூடிக்கொள்ளும்.

விர்ச்சுவல் மெமரியைக் கூட்ட வேண்டிய சமயமும் உண்டு. அதே மெமரி பக்கத்தில் 'கமிட்டெட்' என்று 7.1/11.5 போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் இரண்டாவதை நெருங்கி, மெமரி போதவில்லை என்று எச்சரிக்கை வந்தால் கூட்டலாம். அதை நீங்களே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம், 1,500 ரூபாய் எதற்கு?

இரண்டையும் பழையபடி மாற்றிவிட்டு ஒரு நாள் வழக்கம்போல் வேலை பாருங்கள். மெமரி எப்போதும் 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ராம் வாங்குங்கள். மெமரி 60 சதவீதத்தில் இருக்கும்போதே டிஸ்க் 100 காட்டினால், ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் எஸ்எஸ்டி என்பதுதான் என் கணிப்பு.

ராம்தான் என்று முடிவானால், 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் 1 ஆஃப் 2 என்று இருக்கிறதா பாருங்கள். சில மெல்லிய மாடல்களில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், தனி ஸ்லாட்டே இருக்காது. ராமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகள் உண்டு; டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது. அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அதனால் பழைய ராமைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடல் எண்ணும் வாரன்டியும் எழுதியிருக்க வேண்டும். பிரச்சினை வந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போது அந்தப் பில்தான் கேட்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.