வேலை அங்கே, வீடு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

சென்னையில் வாடகைக்கு இடம் தேடும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பயன்படக்கூடிய ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். கணவருக்கு சிறுசேரி சிப்காட்டில் ஐ.டி. வேலை, வாரம் 3 நாள் போனால் போதும், கம்பெனி பஸ் உண்டு. எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் வேலை, வாரம் 6 நாள், காலை 9 மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள். சோழிங்கநல்லூர், குரோம்பேட்டை, வேளச்சேரி மூன்றிலும் வீடு பார்த்திருக்கிறோம். எது சரி? (வாசகி, மதுரை)

இரண்டு ஆபீசுக்கும் நடுவில் இருக்கும் ஊரைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். வரைபடத்தில் நடுவாக இருப்பது பயணத்தில் நடுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாரத்தில் யார் எத்தனை தடவை போகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். உங்களுக்குப் போக வர 12 பயணம், கணவருக்கு 6. உங்கள் பயணத்தில் கூடும் ஒவ்வொரு நிமிடமும் வீட்டுக் கணக்கில் இரண்டு மடங்காக ஏறும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். சோழிங்கநல்லூரில் குடியிருந்தால் உங்களுக்கு வாசலிலிருந்து நாற்காலி வரை 75 நிமிடம், அவருக்கு 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 900 + 210 = 1,110 நிமிடம். குரோம்பேட்டையில் உங்களுக்கு 45: ஸ்டேஷனுக்கு நடை 10, காத்திருப்பு 5, ரயில் 17, கிண்டியில் இறங்கி நடை 13. அவருக்கு 75. மொத்தம் 540 + 450 = 990. வேளச்சேரியில் உங்களுக்கு 40, அவருக்கு 65, மொத்தம் 870.

இப்போது அவருடைய கம்பெனி வாரம் 5 நாளும் வரச் சொல்லிவிட்டது என்று வையுங்கள். சோழிங்கநல்லூர் 1,250, குரோம்பேட்டை 1,290, வேளச்சேரி 1,130. முதல் இரண்டும் இடம் மாறிவிட்டன! 3 நாள் என்பது நிச்சயமா, வாய்மொழியா என்று கணவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குரோம்பேட்டையா சோழிங்கநல்லூரா என்பதை அந்த ஒரு பதில்தான் தீர்மானிக்கும்.

மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் எண்களை அளந்து போடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ இரண்டு இரவு தங்கி, செவ்வாய், புதன் போன்ற வேலை நாளில் ஆபீஸ் நேரத்துக்கே போய் வாருங்கள். வாசலைப் பூட்டியது, ஸ்டாப்பிங் சேர்ந்தது, வண்டி ஏறியது, இறங்கியது, ஆபீசில் உட்கார்ந்தது என்று ஐந்து நேரங்களைக் குறியுங்கள். மாலையில் திரும்புவதையும் அளக்க வேண்டும்; சிறுசேரிக்குப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) மாலைதான் கடினம். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறைக் காலமும் பொய்க் கணக்குத் தரும். மே மாதத்தில் 40 நிமிடத்தில் போன சாலை, ஜூனில் பள்ளி திறந்ததும் 55 ஆகும். மொபைல் வரைபடத்தில் பார்ப்பவர்கள், இப்போதைய நேரத்தை விட்டுவிட்டு, வேலை நாளில் 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கொடுத்துப் பாருங்கள். 40 முதல் 70 நிமிடம் என்று காட்டினால் 70-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9 மணிக் கையெழுத்துக்குச் சராசரி உதவாது.

கணவர் கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில் பஸ் நிற்கும் இடங்களின் பட்டியலை வாங்கிவிட்டு அப்புறம் வீடு தேடுங்கள். ‘வேளச்சேரி ரூட்’ என்று சொல்வார்கள். பஸ் பைபாஸில் நிற்கும், வீடு இரண்டு கி.மீ. உள்ளே இருக்கும். அந்த இரண்டு கி.மீ.க்கு தினமும் ஆட்டோவா, நடையா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஒரு இடம் ஆதம்பாக்கம். பரங்கிமலை ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால், கிண்டி அடுத்த ஸ்டேஷன்தான். கணவர் வேளச்சேரி பக்கம் போய் பஸ் பிடிக்கலாம். எங்கள் முதல் தேர்வு இதுதான். அமையாவிட்டால் விஜயநகர் ஸ்டாப்பிங்குக்குப் பக்கத்தில் வேளச்சேரி. ஆனால் முதல் மாடியோ அதற்கு மேலோதான் பாருங்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

மகளின் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மழை மாலையில் நீங்கள் கிண்டியிலும் அவர் சிறுசேரியிலும் சிக்கிக்கொண்டால், பக்கத்து வீட்டம்மா நடந்து போய் அழைத்து வரக்கூடிய தூரம் வேண்டும். பள்ளி வேனில் குழந்தை எத்தனை மணிக்கு ஏறும் என்று டிரைவரிடமே கேளுங்கள். ரூட்டில் முதல் குழந்தையாக ஏறினால் பக்கத்துப் பள்ளிக்கே முக்கால் மணி நேரம் ஊர் சுற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தாம்பரத்தைச் சுற்றி வாடகை குறைவு. ஆனால் வெள்ளம் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். ஒரு தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், திருச்சி)

ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தாம்பரம் வட்டாரத்திலேயே அடையாற்றின் மேல்பகுதியை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கின. அதே வட்டாரத்தில் மேட்டில் இருக்கும் தெருக்களில் தண்ணீர் நின்றாலும் சீக்கிரம் வடிந்துவிடும். வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனி, ராம் நகர், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகள் எல்லாம் இதே கவனத்துக்கு உரியவை.

வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்டால் ‘இங்கே வராது சார்’ என்ற பதில்தான் வரும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘வெள்ளம் வந்ததா’ என்று கேட்டால் ஊர்ப்பெருமை குறுக்கே வரும். ‘2023-ல் தண்ணீர் எதுவரை வந்தது, கரண்ட் எத்தனை நாள் இல்லை, பால் எங்கே போய் வாங்கினீர்கள்’ என்று கேளுங்கள், உண்மை வரும்.

கண்ணாலும் பார்க்கலாம். காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, புதிதாக மேலே ஏற்றி வைத்த இ.பி. மீட்டர் பலகை, மேடை கட்டி ஏற்றிய மோட்டார், கடை வாசலில் பிறகு சேர்த்த படிகள் எல்லாம் சாட்சி. இன்னொன்று, சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட தெருக்களில் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போயிருக்கும். கேட்டிலிருந்து உள்ளே ஒரு படி இறங்கினால்கூட எச்சரிக்கையாக இருங்கள்.

மாடி வீடு என்றால் உள்ளே தண்ணீர் வராதுதான். ஆனால் கீழே தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் (சம்ப்) சாக்கடை கலக்கும், லிஃப்ட் நிற்கும், பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள், மோட்டார் ஓடாது. வீடு நனையாமலேயே நான்கு நாள் தவிக்க நேரும். ஆபீஸ் போகும் வழியில் ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வே இருக்கிறதா என்றும் பாருங்கள். பழவந்தாங்கல், மேற்கு மாம்பலம் அரங்கநாதன் போன்ற சப்வேக்களில் கனமழை நாளில் தண்ணீர் நின்று வழி அடைபட்டிருக்கிறது. சப்வேயை விட்டால் வேறு வழி எது, எவ்வளவு சுற்று என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 15 கி.மீ. தள்ளிப் போனால் வாடகையில் 5,000 ரூபாய் மிச்சம். பைக் இருக்கிறது. போகலாமா? (வாசகர், வில்லிவாக்கம்)

மாதம் 24 நாள் வேலை என்றால் கூடுதலாக ஓடுவது 720 கி.மீ. நெரிசலில் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 16 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,620. டயர், செயின், ஆயில், சர்வீஸ் எல்லாம் சேர்த்து கி.மீ.க்கு ஒரு ரூபாயாவது ஒதுக்குங்கள்: 720. மிச்சம் 2,660-தான். ஒரு பக்கத்துக்கு 35 நிமிடம் கூடினால் மாதம் 28 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்தை 95 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். அதுவும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து.

தள்ளிப் போகும் இடம் புறநகர் ரயில் பாதையில் இருந்தால் கணக்கு முற்றிலும் வேறு. சீசன் டிக்கெட்டும் ஸ்டேஷன் பார்க்கிங் கட்டணமும் பெட்ரோலைவிட மிகக் குறைவு. நேரமும் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. ஆபீசும் ரயில் பாதையில் இருந்தால் தள்ளிப் போங்கள், தவறில்லை. இல்லையென்றால் இப்போதைய வீட்டிலேயே இருக்கச் சொல்வோம். பெண்கள் இருக்கும் வீடு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீலக்ஸ் பஸ்ஸுக்கு இது பொருந்தாது. அதனால் சாதாரண பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று ஸ்டாப்பிங்கில் நின்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மெட்ரோ வரப் போகிறது என்று சொல்லி ஓ.எம்.ஆரில் வாடகை கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, கோவை)

கொடுக்காதீர்கள். இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மூன்று தடங்கள்: மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நல்ல திட்டம்தான், நகரத்துக்கு மிகவும் தேவையானது. ஆனால் நீங்கள் போடுவது 11 மாத ஒப்பந்தம். அந்த 11 மாதத்தில் உங்கள் ஸ்டேஷனில் ரயில் ஓடுமா என்பது மட்டும்தான் கேள்வி. வேலை நடக்கும் காலத்தில் சாலை குறுகும், யூ-டர்ன் மாறும், பஸ் ஸ்டாப்பிங் நகரும். வாடகையைக் குறைத்துக் கேட்க இது நியாயமான காரணம்.

ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் அதைவிட முக்கியம் தண்ணீர். குழாய் இணைப்பு இருக்கிறதா, போர் தண்ணீரா, லாரியா? ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு மாதம் 16,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றேகால் லாரிக்கு மேல். ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். டிசம்பர் ரசீதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு நந்தனத்தில் வேலை. இரவு 10 மணிக்குத்தான் முடிகிறது. தனியாகத் தங்கப் போகிறாள். ஸ்டேஷனுக்குப் பக்கம் என்றால் போதுமா? (வாசகர், தஞ்சாவூர்)

மெட்ரோ இரவு 11 மணி வரை இருக்கிறது. நந்தனத்திலேயே ஸ்டேஷன் இருப்பதால் விமான நிலையத் தடத்தில் தேடுங்கள். ‘பக்கம்’ என்பதை ஸ்டேஷனின் எந்த வாசலிலிருந்து என்று கேளுங்கள். நங்கநல்லூரில் வீடு, நங்கநல்லூர் ரோடு மெட்ரோ என்றால் பெயர்ப் பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில், ஊர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். இரவில் பாதையைத் தாண்ட சப்வேயில் நடக்க வேண்டுமா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். இரவு 10.30-க்கு நீங்களே மகளோடு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, திறந்திருக்கும் மருந்துக்கடையோ டீக்கடையோ உண்டா, நாய்கள் எப்படி, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள். 500 மீட்டருக்கு மேல் இருட்டு என்றால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

கேள்வி: 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இடம் ஒத்துவராமல் மூன்றே மாதத்தில் காலி செய்தால் என்ன ஆகும்? (வாசகர், நாகர்கோவில்)

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நீங்கள் 10 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்; அதனால் பேரம் கையெழுத்துக்கு முன்னால். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் கேளுங்கள்.

ஊருக்குப் புதியவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற வரி. அதை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது மூன்று மாதமாகக் குறையுங்கள். காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு போதும் என்று எழுதுங்கள். பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரூபாயில் எழுத வேண்டும். ‘ஒரு மாத வாடகை’ என்று விட்டால் வாடகை ஏறும்போது அதுவும் ஏறும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். குடிவரும் அன்று இ.பி. மீட்டர் எண்ணையும் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். அட்வான்ஸ் எந்த நாளில் திரும்ப வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ‘அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்’ என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.