செல் நகர்வதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. செல்லுக்குள் இருக்கும் சட்டகத்தையும் அதன் அசைவையும் நொதிகள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதைத்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். "இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்குப் போகும் முன், அவளை எது இழுத்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1950களில் டேவிட் ரோஜர்ஸ் என்ற மருத்துவர் நுண்ணோக்கி வழியாக எடுத்த சின்னப் படம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். ரத்தச் சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு வெள்ளையணு ஒரு பாக்டீரியாவைத் துரத்துகிறது. அது திரும்பினால் இதுவும் திரும்புகிறது. வழியில் இருக்கும் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் விழுங்கிவிடுகிறது. கண்ணும் இல்லை, காலும் இல்லை. மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அந்த ஓட்டத்துக்கு அடிப்படை ஆக்டின் என்ற புரத இழை. தடிமன் சுமார் 7 நானோமீட்டர்தான். செல் போகும் திசையில் இழை வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகிறது. பழைய இழையைக் கோஃபிலின் என்ற புரதம் துண்டாக்க, உதிர்ந்த ஆக்டின் மறுபடி முன்பக்கத்துக்கே பயன்படுகிறது. சரி, கோஃபிலின் கண்டபடி வெட்டினால்? இங்கேதான் நொதிகள் வருகின்றன. லிம் கைனேஸ் என்ற நொதி கோஃபிலின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், வெட்டு நிற்கும். ஸ்லிங்ஷாட் என்ற இன்னொரு நொதி அதைக் கழற்றும், வெட்டு தொடங்கும். அந்த லிம் கைனேஸைத் தூண்டும் நொதிகளில் ஒன்று ரோ கைனேஸ். அதுவே ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கும் மயோசின் என்ற புரதத்தை முடுக்கி, செல்லின் பின்பகுதியைச் சுருங்க வைத்து இழுத்துக்கொள்ளவும் செய்கிறது.

'இதெல்லாம் யாருக்கு உதவும்?' என்று உங்களுக்குத் தோன்றலாம். 1992இல் ஆன் ரிட்லி, ஆலன் ஹால் என்ற ஆய்வாளர்கள், ரோ கைனேஸைத் தூண்டிவிடும் ரோ என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தியபோது ஆக்டின் இழைகள் கட்டுக்கட்டாகத் திரண்டன. அன்றைக்கு அது ஆய்வகத்துச் செய்தி. 2017இல் நெட்டார்சுடில் என்ற கண் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரோ கைனேஸைத் தடுத்து, கண்ணின் வடிகால் திசுவைத் தளர்த்தி, கண் அழுத்தத்தைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை. நடுவில் 25 ஆண்டுகள். இந்தத் துறையின் வேகமும் பயனும் இப்படித்தான் இருக்கும். புற்றுநோய் செல்கள் உடலில் பரவுவதும் இதே நகர்வால்தான் என்பதால், ஆய்வுக்கு விஷயம் வற்றாது.

வேலைக்கு வருவோம். 'செல் நகர்வு நிபுணர் தேவை' என்று யாரும் விளம்பரம் தரப்போவதில்லை. அவள் கையில் படியும் தொழில்தான் சோறு போடும். புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது, நுண்ணோக்கியைக் கையாள்வது, ஆயிரக்கணக்கான படங்களில் ஒவ்வொரு செல்லையும் நிரல் எழுதிப் பின்தொடர்ந்து அளப்பது. மருந்து நிறுவனங்களும் மருத்துவப் படிமத் துறையும் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன. அதனால் உயிரியல் எடுத்தாயிற்று என்று கணிதத்தையும் கணினியையும் அவள் கைகழுவ விடாதீர்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பின்னால் அதிகம் வருந்தியவர்கள் அதை விட்டவர்கள்தான்.

பாதை நீளம். இளநிலை, முதுநிலை, அப்புறம் முனைவர் பட்டம் என்று பத்து ஆண்டுகள் சாதாரணமாக ஓடிவிடும். அதன் பிறகும் எல்லோருக்கும் பேராசிரியர் இடம் கிடைக்காது. இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். உதவித்தொகை இல்லாத முனைவர் இடம் வந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொன்று. சேர்வதற்கு முன் ஒரு விடுமுறையையாவது ஏதாவது ஓர் ஆய்வகத்தில் கழிக்கட்டும். அங்கே 'கீறல் சோதனை' என்று ஒன்று செய்வார்கள். தட்டின் அடியில் செல்கள் ஒரே படலமாகப் பரவியிருக்கும். பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் முனையால் நடுவில் ஒரு கோடு கீறினால், இரண்டு பக்கத்துச் செல்களும் அந்த இடைவெளியை மூட நகர ஆரம்பிக்கும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் கோடு கோணலாக இருக்கும், இல்லாவிட்டால் படலமே உரிந்து மிதக்கும். திரும்ப முதலிலிருந்து.

வீட்டுக்கு வந்ததும் "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வாள். மூன்றாவது தட்டும் கெட்டுப்போன மறுநாள் காலையில் என்ன செய்தாள் என்று கேளுங்கள். நான்காவது தட்டைத் தயார் செய்தேன் என்றாள் என்றால் எனக்கு எழுதுங்கள். எங்கே சேர்க்கலாம் என்று மூவருமாக உட்கார்ந்து பேசுவோம்.