முதல் தீவுப் பயணம்: கடைசி இரவு எங்கே தங்குவது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும் எட்டு வயது மகளும் முதல் முறையாக ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம். மொத்தம் ஒரு வாரம். விமானத்தில் இறங்கி, அங்கிருந்து மூன்று மணி நேரம் படகில் போக வேண்டும். மூவருக்குமே நீச்சல் சரியாகத் தெரியாது, ஆனால் ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீரின் மேல் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய ஆசை. என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: பெட்டியில் என்ன வைப்பது என்று யோசிக்கும் முன் உங்கள் பயண அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தீவிலிருந்து கிளம்பும் படகும் ஊர் திரும்பும் விமானமும் ஒரே நாளில் இருக்கின்றனவா? அப்படியென்றால் முதலில் அதை மாற்றுங்கள். காற்று கொஞ்சம் வலுத்தாலே சிறிய படகுகளை நிறுத்திவிடுவார்கள். கடல் சரியில்லாத நாளில் படகை எடுக்காதவர்தான் நல்ல படகுக்காரர், அவரைக் கோபித்துப் பயனில்லை. விமானமோ உங்கள் படகுக்காகக் காத்திருக்காது. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தால் பெரும்பாலும் நஷ்டம் உங்களுடையதுதான். எனவே கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தீவில் ஒரு நாள் குறைகிறதே என்று மனது அடித்துக்கொள்ளும். ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து நாளைக்குப் படகு வருமா வராதா என்று கவலைப்பட்டால் அந்த ஒரு நாளும் வீண்தான்.

படகை முடிந்தவரை காலையில் பிடியுங்கள். பல தீவுகளில் மதியத்துக்கு மேல் காற்று ஏறும், அலையும் கூடும். மூன்று மணி நேரம் என்பது குமட்டலுக்குத் தாராளமான நேரம். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. எதை, எவ்வளவு, எத்தனை மணி நேரம் முன்னால் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், குறிப்பாக மகளுக்கு. படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து, நீங்கள் போகும் மாதம். வெப்பமண்டலத் தீவு என்றாலே வருடம் முழுக்க நீலக்கடல் என்று நினைக்க வேண்டாம். கரீபியன் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். தென் பசிபிக்கில் ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், சுமார் 5 டிகிரிக்குள் உள்ள தீவுகளில் புயல் உருவாவது அரிது, ஆனால் மழைக்காலம் அங்கேயும் உண்டு. உங்கள் தீவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: வானிலையால் பயணம் தடைபட்டால் பணம் கிடைக்குமா, அவசரத்துக்கு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா? இரண்டாவது ரொம்ப முக்கியம். சின்னத் தீவில் ஒரு மருந்தகமும் ஒரு செவிலியரும் இருந்தாலே அதிர்ஷ்டம்.

சரி, இப்போது பெட்டி. துணி குறைவாகவும் மருந்து அதிகமாகவும் இருக்கட்டும். தினமும் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாட்களைவிடக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பாராசிட்டமால், கிருமிநாசினி, முள் எடுக்கும் சிறிய இடுக்கி, பிளாஸ்டர் இவையும் வேண்டும். எல்லாத் தீவிலும் ஏடிஎம் இருக்காது, இருந்தாலும் பணம் தீர்ந்திருக்கலாம். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்ப விடமாட்டார்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வையுங்கள்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். கருத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்பது தவறு. நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்குமே தவிர அதுவும் வெந்து போகும். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் கணிசமாக இறங்கும், கடல் காற்றில் சூடும் தெரியாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் வெயில் கடுமைதான். பெரியவர் ஒருவர் உடல் முழுக்க ஒருமுறை சன்ஸ்கிரீன் பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து எழுந்ததும் மறுபடி பூச வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 மில்லி ட்யூப் ஒருவருக்கே இரண்டு நாள் தாங்காது. அதனால் நான் எப்போதும் துணியைத்தான் முதலில் சொல்வேன்: முழுக்கை நீச்சல் சட்டை, முழங்கால் தாண்டிய கால்சட்டை, அகலத் தொப்பி. ஸ்நார்க்கலிங்கில் முகம் தண்ணீருக்குள் இருக்கும், வெயில் முழுக்க முதுகிலும் கெண்டைக்காலிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் விழும். மாலையில் உட்காரக்கூட முடியாமல் தவிப்பவர்கள் எல்லாம் இந்த இடங்களை மறந்தவர்கள். மீதி இடத்துக்கு மட்டும் கிரீம் போதும்.

கிரீம் வாங்கும்போது பின்பக்க எழுத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் 2021 முதல் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பதைத் தடை செய்திருக்கிறது. பலாவு நாடு 2020 முதல் இன்னும் சில வேதிப்பொருட்களையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது. துத்தநாக ஆக்சைடு வகை வாங்கினால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கொசு மருந்தையும் சேர்த்துப் பூசுவதாக இருந்தால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, ராத்திரி வலை மட்டும் கட்டினால் போதாது.

இப்போது நீச்சல். நீச்சல் தெரியாமல் ஸ்நார்க்கலிங் செய்யலாம், ஆனால் லைஃப் ஜாக்கெட்டோடு, வழிகாட்டியோடு, பவளத்திட்டு அலையைத் தடுத்து நிறுத்தும் அமைதியான உள்பக்க நீரில் மட்டும். குழந்தை அளவு ஜாக்கெட் பல படகுகளில் இருக்காது. முன்பே கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிப் போங்கள். மாட்டிவிட்டு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மகளின் தாடையைத் தாண்டி ஏறினால் அது பெரிய அளவு, தண்ணீரில் அவள் கீழே நழுவுவாள். கால் இடுக்கில் பட்டை உள்ள வகை நல்லது. கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருள், அவற்றை நம்ப வேண்டாம். முகமூடியையும் வீட்டிலேயே சோதியுங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் ஒட்டி வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அதுதான் உங்கள் அளவு.

ரிப் கரன்டை, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டத்தை, அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். இடமும் வலமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் கருத்த நிறத்தில் அமைதியாக இருக்கும். முதல் முறை வருபவர்கள் அந்த இடத்தைத்தான் குளிக்க வசதி என்று தேர்ந்தெடுப்பார்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் பாதை அது. பவளத்திட்டில் உள்ள இடைவெளிகளும் அப்படித்தான், கடல் வற்றும் நேரத்தில் உள்ளே இருக்கும் நீர் அந்த வழியாக வேகமாக வெளியேறும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். ரிப் உங்களை நீருக்கு அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். மற்றவரைக் காப்பாற்ற நீங்கள் குதிக்கவே கூடாது. மிதக்கும் எதையாவது வீசிவிட்டு ஆள் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் இறங்கலாம், எந்த நேரம் கூடாது என்று தினமும் காலையில் அங்கே உள்ளவர்களிடம் கேட்பது நல்ல பழக்கம்.

தண்ணீரில் ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு அணியுங்கள். பவளத்தைத் தொடவோ மிதிக்கவோ வேண்டாம், அது உயிருள்ளது, அது கீறிய காயமும் சீக்கிரம் ஆறாது. கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் துகளை எடுத்துவிடுங்கள். மணலில் நடக்கும்போது காலைத் தேய்த்தபடி நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். கல்மீனோ (கல்லைப் போலவே தெரியும் நச்சு முள் மீன்) திருக்கையோ குத்தினால் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும், அப்படியே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள். கரையில் ஓய்வெடுக்கும்போது காய் தொங்கும் தென்னைக்கு அடியில் பாயை விரிக்காதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்று. பவளத்திட்டைச் சுற்றி மேயும் பெரிய சீலா, பெரிய களவா போன்ற மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம். அதற்கு ருசியும் இல்லை, வாடையும் இல்லை, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சின்ன மீனாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

நிலநடுக்கம் வரும் பகுதியாக இருந்தால், அறைக்குப் போனதும் மேட்டுக்குப் போகும் வழியை மகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். 2004 சுனாமியில் மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலு தீவில் கிட்டத்தட்ட எல்லோரும் தப்பினார்கள். தரை நடுங்கியதும், கடல் உள்வாங்கியதும் எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடினார்கள், அவ்வளவுதான்.

திரும்பும்போது பவளத் துண்டும் சங்கும் பொறுக்கி வராதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், பல இனங்களுக்கு சர்வதேசக் கட்டுப்பாடும் உண்டு. ஆசை வந்து சிலிண்டரோடு ஆழத்தில் டைவிங் செய்துவிட்டால், ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அப்புறம், ஊர் வந்து இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், எந்தத் தீவுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை.