நாலு பேர் போதும், ஆட்டத்தைத் தொடங்குங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, மதுரையில், 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்த ஒரு பகுதியில் குடியிருக்கிறோம். மனை விற்றபோது லேஅவுட் வரைபடத்தில் பச்சை அடித்து ‘பூங்கா, விளையாட்டு இடம்’ என்று காட்டிய இடம் இன்று சீமைக்கருவேலங்காடாகக் கிடக்கிறது. நடுவில் ஒரு பெரிய வேப்பமரம், ஒடிந்த ஊஞ்சல் ஒன்று, சுற்றிலும் குப்பையும் கட்டட இடிபாடும். இருட்டினால் குடிக்க வருகிறார்கள். என் மகனுக்கு ஒன்பது வயது. செல்போனைத் தவிர அவனுக்கு வேறு விளையாட்டே தெரியவில்லை. இடத்தைச் சரிசெய்யலாம் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது நாலு பேர். பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தம் வரும், ஜன்னல் உடையும் என்கிறார். சிலர் மூலையில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டிவிட்டால் இடம் பத்திரமாக இருக்கும் என்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டால் நிதி இல்லை என்று பதில். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

— ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த நாலு பேர்தான். நாற்பது பேர் வராததில் மனம் நொந்திருக்கிறீர்கள். வந்து நின்றால் என்ன வேலை இருக்கும் என்று தெரியாமலேயே பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ‘எல்லோரும் வாருங்கள்’ என்று குழுவில் போட்டால் யாரும் அதைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீடு வீடாகப் போய், இவரிடம் மண்வெட்டி, அவரிடம் சல்லடை, இன்னொருவரிடம் அவருடைய மினிலாரி ஒரு மணி நேரம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்று சொல்பவர் குறைவாகவே இருப்பார்கள்.

முதல் மண்வெட்டி விழுவதற்கு முன் காகிதத்தைப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் பதிந்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை அடித்ததோடு நின்று, பத்திரம் பதியாமலே விட்டுப்போன இடங்களும் இருக்கின்றன. உங்கள் இடத்தின் சர்வே எண்ணைப் போட்டுப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள்; தானப் பத்திரம் பதிந்திருந்தால் அதில் வந்துவிடும். உங்கள் பகுதி 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தது என்பதால், பத்திரம் பழைய ஊராட்சி அல்லது நகராட்சி பெயரில் இருக்கலாம். அதனால் பயமில்லை, அந்த உள்ளாட்சியின் சொத்து இப்போது மாநகராட்சியுடையது. இணையத்தில் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். இடம் மாநகராட்சியுடையது என்று தெரிந்ததும் சர்வேயரை வைத்து நாலு மூலைக்கும் கல் ஊன்றச் சொல்லுங்கள். ஒரு பக்கத்து வீட்டு மதில் இரண்டடி உள்ளே வந்திருந்தால் அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பிள்ளையார் விஷயத்தில் கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்பவர்களுக்கும் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம்தான். ஆனால் பொதுப் பூங்காவிலும் சாலையிலும் அனுமதியில்லாமல் எந்த மதத்தின் வழிபாட்டுக் கட்டடமும் புதிதாக எழும்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பூங்கா இடத்தைக் காக்கத் தெருக்காரர்களுக்கு உரிமை உண்டு என்பதற்கு இன்னும் பழைய தீர்ப்பே இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை வழக்கு என்று சொன்னால் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும்.

நிதிக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதில் வரும். இப்போதைய விதியை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது கோரிக்கையை அங்கேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கவுன்சிலரிடம் தனியாகச் சொன்னது மறந்துபோகலாம், கூட்டப் பதிவேட்டில் எழுதியது இருக்கும்.

சரி, இடத்துக்கு வருவோம். சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைத்துவிடும், வேரோடு தோண்டி எடுத்தால்தான் போகும். ஜேசிபி வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போடுபவர்கள் விறகுக்காகவே வந்து அகற்றிக் கொடுக்கலாம். மாநகராட்சியின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். விதை மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும். முதல் மழை கழிந்ததும் விரல் நீளத்துக்கு முளைத்து நிற்கும். அப்போது சின்னப் பிள்ளைகளே கையால் பிடுங்கிவிடலாம், அப்புறம் விட்டால் முள் விட்டுவிடும். கண்ணாடிச் சில்லைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். உடைந்த பாட்டில்கள் கிடந்த இடத்தில் மேல்மண்ணை அரை அடிக்கு எடுத்துச் சலித்துவிடுங்கள். வெறுங்காலில் ஓடப்போகும் பிள்ளைகள்.

விளையாட்டுச் சாமான் வாங்க அவசரப்படாதீர்கள். எங்கள் தெருவில் பணம் பிரித்து, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் ஒரு ஃபைபர் சறுக்குமரத்தைத் திடல் நடுவே வெயிலில் நிறுத்தினோம். சித்திரையில் அதில் உட்கார்ந்த ஒரு குழந்தைக்குத் தொடை கன்றிப்போய்விட்டது. அந்த அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. உங்களிடம் வேப்பமரம் இருக்கிறது. சறுக்குமரத்தை அதற்குக் கிழக்கே வையுங்கள், பிள்ளைகள் வரும் சாயங்கால நேரத்தில் நிழல் அந்தப் பக்கம்தான் விழும். ஊஞ்சல் தொங்கும் கம்பி எட்டடி உயரம் என்றால், முன்னால் பதினாறு அடியும் பின்னால் பதினாறு அடியும் வெற்றிடமாக விடுங்கள். அடியில் சிமெண்ட் வேண்டாம், ஒரு அடி ஆழத்துக்கு மணல். கட்டட வேலைக்கான எம்சாண்ட் ஒரு மழைக்கே இறுகிப்போகும் என்பதால் கழுவிய மணலாகக் கேளுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஒன்பது அங்குலத்துக்குள் சந்து இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். வெல்டரிடம் இந்த அளவை எழுதியே கொடுங்கள்.

சாமான் நிறைய இருந்தால்தான் திடல் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1947-இல், ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்காக ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு மணல் தொட்டியும் குட்டிக்கரணம் அடிக்கச் சில வளைகம்பிகளும் வைத்து ஒரு திடல் அமைத்தார். அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். குப்பை கிடந்த காலிமனைகள், வீடு இடிந்த இடைவெளிகள் என்று எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் முப்பது ஆண்டுகளில் திடலாயின. சாதாரணத் தெரு ஜனங்கள் எழுதிய கடிதங்கள்தான் அந்தத் திடல்கள் பெருகக் காரணம். அதனால்தான் நீங்கள் அலுவலகத்துக்கு எழுதப்போகும் கடிதத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். திடல் சுத்தமான மறுநாளே பெரிய பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் வேறு இடம் கிடையாது. ஆனால் ஒரே வாரத்தில் பெண் பிள்ளைகள் மதிலோரம் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அடுத்த வாரம் வரவே மாட்டார்கள். எத்தனையோ திடல்களில் இதைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. முதல் நாளே நேரம் பிரித்துவிடுங்கள். வாரத்தில் மூன்று சாயங்காலம் கிரிக்கெட் கிடையாது. கோகோ, கபடி, பாண்டி, கல்லா மண்ணா. சின்னப் பிள்ளைகளின் மூலை வாசலுக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்கட்டும். வாசலில் சக்கர நாற்காலி நுழையும் அகலம் விடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நீங்களே நேரில் போய், மதியம் ஒன்று முதல் நாலு மணி வரை ஆட்டமில்லை என்று சொல்லுங்கள். அவர் ஜன்னல் பக்கம் உயரமாக நைலான் வலை கட்டிக் கொடுங்கள். வேப்பமர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டு, எங்கே போட்டால் வசதி என்று அவரிடமே கேளுங்கள். குடிக்க வருபவர்களோடு நீங்கள் நேரே சண்டைக்குப் போக வேண்டாம். தெருவிளக்கு கேட்டு மனு கொடுங்கள், பாட்டிலை அன்றன்றைக்குக் காலையிலேயே அப்புறப்படுத்துங்கள். தினமும் சாயங்காலம் அங்கே பிள்ளைகளும் அம்மாக்களும் இருந்தால் குப்பை வண்டியும் பாட்டிலும் வேறு இடம் தேடிப் போகும்.

அதனால் வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும் ஞாயிறு அந்த நாலு பேரும் சேர்ந்து இருபதுக்கு இருபது அடி மட்டும் சுத்தம் செய்யுங்கள். கோலமாவில் பாண்டிக் கட்டம் போடுங்கள். ஆடச் சொல்லிக் கொடுக்க உங்கள் தெருவில் ஒரு பாட்டி இல்லாமலா இருப்பார்? உங்கள் மகன் முதல் நாள் சலித்துக்கொள்வான். விடுங்கள், இரண்டு சினேகிதர்கள் கூட வந்துவிட்டால் போனைத் தேட மாட்டான்.

ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். ஜேசிபி வரும் நாளுக்கு முதல் நாளே அந்த வேப்பமரத்தைச் சுற்றி ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஓட்டுபவர் வந்ததும் நீங்களே கூட நின்று, அதை விட்டுத் தள்ளியே தோண்டச் சொல்லுங்கள். அதன் வேர் வெகுதூரம் போயிருக்கும்.