இணைய வானொலி இசையைத் தரம் குன்றாமல் சேமிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஓட்டோவில் கேட்பதற்காக, இணைய வானொலியின் நாதசுரக் கச்சேரிகளை நொடிக்கு 320 கிலோபிட் கொண்ட எம்பி3 ஆகச் சேமிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். நிலையம் 128 கிலோபிட்டில் அனுப்பும் ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்டதாகையால், அதை 320க்கு மாற்றினால் கோப்புப் பருக்குமே தவிர, இழந்த நுட்பம் திரும்பாது. மாறாக, அத்தகைய ஒவ்வொரு மாற்றமும் தவிலின் கூர்மையை இன்னும் சிறிது மழுக்கக்கூடும். எனவே, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் ‘காப்பி’ (copy) தெரிவைக் கொடுத்து, வரும் ஒலியை அப்படியே பதிவுசெய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் பிடிக்கும். பதிவு ஏஏசி (AAC) என்ற வேறொரு ஒலிச்சுருக்க வடிவில் அமைந்து, ஓட்டோவின் பிளேயர் அதை வாசிக்காவிட்டால் மட்டும், பிரதியொன்றை எம்பி3 ஆக்கலாம்; மூலத்தை அழிக்க வேண்டாம். பாடல் பெயரை வைத்துத் தானாகத் துண்டாக்கும் ஸ்ட்ரீம்ரிப்பர் (Streamripper) என்ற பதிவு மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பெயர் மாறும் கணமும் இசை மாறும் கணமும் பெரும்பாலும் பொருந்துவதில்லை.