ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊரில், புளூ கார்டுடன் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதி) வேலை கிடைத்திருக்கிறது. எங்களுக்கு நான்கு வயது மகள். "பெர்லின், மியூனிக் என்றால் சரி, இது சின்ன ஊராம். முதலில் அவர் போகட்டும், நீயும் குழந்தையும் ஒரு வருடம் கழித்துப் போங்கள்" என்கிறார்கள் வீட்டில். எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: ஒரு வருடம் தள்ளிப்போடாதீர்கள் தோழி. மகளுக்காகத்தான் சொல்கிறேன். ஜெர்மனியில் ஆறு வயதில்தான் முதல் வகுப்பு. இப்போதே போனால், 'கீட்டா' எனும் மழலையர் பள்ளியில் இரண்டு வருடம் விளையாடியே மொழியைப் பிடித்துக்கொள்வாள். தாமதித்தால் அந்தக் காலத்தில் பாதி போய்விடும்.

கணவர் இரண்டு மூன்று மாதம் முன்னால் போய் வீடு பார்க்கட்டும். அந்த நாட்களில் நீங்கள் ஜெர்மன் படியுங்கள். புளூ கார்டுக்காரரின் மனைவிக்கு விசா வாங்க மொழித் தேர்வு தேவையில்லை. போனதும் வேலைக்கும் சேரலாம். இந்தச் சலுகையை நம்பித்தான் பலர் ஒரு வார்த்தை தெரியாமல் போய் இறங்குகிறார்கள். பெர்லினில் சமாளித்துவிடலாம். கெம்னிட்ஸில் கஷ்டம். 1990 வரை அது சோவியத் செல்வாக்கிலிருந்த கிழக்கு ஜெர்மனி, ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் ஷ்டாட். அன்று பள்ளியில் முதல் அந்நிய மொழி ரஷ்யன். பக்கத்து வீட்டம்மாவோ, நகராட்சி அலுவலரோ ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் பெரும்பாலும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான். ஆங்கிலம் வராத தயக்கம் முகத்தில் கடுகடுப்பாகத் தெரியும். நாம் வெறுப்பு என்று எடுத்துக்கொள்வோம். திக்கித் திக்கி நாலு வாக்கியம் ஜெர்மனில் பேசிப் பாருங்கள், அந்த முகம் மாறும். கோவையிலேயே ஜெர்மன் சொல்லித்தரும் கோயத்தே சென்ட்ரம் இருக்கிறது. ஏ1 எனும் தொடக்க நிலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கணவரையும் படிக்கச் சொல்லுங்கள்: ஏ1 இருந்தால் நிரந்தர வசிப்பு அனுமதிக்கு 27 மாதம், பி1 எனும் இடைநிலை இருந்தால் 21 மாதம் போதும்.

வாடகை பெரிய நகரங்களைவிட நன்றாகவே குறைவு. ஆனால் விளம்பரத்தில் 'குளிர் வாடகை' என்று இருந்தால் ஹீட்டிங், தண்ணீர்ச் செலவு அதில் சேராது. பல வீடுகளில் சமையலறை வெறும் சுவர்தான். அடுப்பும் சிங்க்கும் நாம் வாங்கிப் பொருத்த வேண்டும். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

இட்லி அவிக்கிற நமக்கு இன்னொன்று முக்கியம். எவ்வளவு குளிரானாலும் தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடமாவது ஜன்னலை அகலத் திறந்து, நீராவி கலந்த ஈரக் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் அங்கே இருந்த முதல் குளிர்காலத்தில், ஹீட்டர் சூடு வீணாகிறதே என்று எல்லாவற்றையும் இறுக்க மூடியே வைத்திருந்தேன். பிப்ரவரியில் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு பகுதி அதற்கே போனது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கிழக்கு ஜெர்மனி அரசு ஒப்பந்தத் தொழிலாளர்களாக அழைத்து வந்த வியட்நாமியர்கள் அந்தப் பகுதி ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். அரிசி, பச்சை மிளகாய், இஞ்சி, தேங்காய்ப் பால் கிடைக்கும். அங்கும் 230 வோல்ட்தான், மிக்ஸியை எடுத்துப் போங்கள். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வீட்டார் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் கடைசியில், ஒரு கொலையைத் தொடர்ந்து வலதுசாரிக் கும்பல்கள் கெம்னிட்ஸ் தெருக்களில் வெளிநாட்டவரைத் தாக்கின. அதே ஊரில் செப்டம்பர் 3 அன்று, இனவெறிக்கு எதிரான இசை நிகழ்ச்சிக்குச் சுமார் 65,000 பேர் திரண்டார்கள். இரண்டும் அந்த ஊர்தான். ஊர்வலம் நடக்கிற நாளில் நகர மையத்துக்குப் போகாதீர்கள். யாராவது மிரட்டினால் 110 என்ற எண்ணில் போலீஸைக் கூப்பிடுங்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில் வீடு பாருங்கள் என்பேன். இந்திய மாணவர்கள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள்.

அப்புறம், வீட்டுச் சாவி வாங்கிய வாரமே கணவர் இரண்டு வேலை செய்ய வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்வது ஒன்று, கீட்டாவுக்கு விண்ணப்பிப்பது இன்னொன்று. மகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்ட சான்று இல்லாமல் கீட்டாவில் சேர்க்க மாட்டார்கள். 2020 முதல் அது சட்டம். தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் கோவையிலேயே போட்டு, மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.